ஒன்பதாம் மாடியில் முப்பத்தாறு பாகை

என் பெட்டியில் இரண்டு சுவெட்டர், ஒரு குரங்குத் தொப்பி, மூன்று சோடிக் கம்பளிக் காலுறைகள் இருந்தன. லண்டன் என்றால் குளிர் என்று எழுபத்திரண்டு வயதுவரை நம்பியிருந்தவன் நான். இறங்கிய அன்று அங்கே முப்பத்து நான்கு பாகை. யாழ்ப்பாணத்தில் புறப்பட்ட அன்று முப்பத்து மூன்று. ஒரு பாகை கூடுதலாகக் காய்வதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

வந்த காரியம் எளிதானதல்ல. என் அண்ணை கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் தனியாக இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. அண்ணி போய் நான்கு வருடம். போன கோடையில் ஒருநாள் மத்தியானம் சமையலறையில் மயங்கி விழுந்து, மாலைவரை அங்கேயே கிடந்து, தானாகவே எழும்பியிருக்கிறார். இதை டொராண்டோவில் இருக்கும் மகள் வாசுகிக்கு இரண்டு மாதம் கழித்துப் பகிடி போலச் சொல்லியிருக்கிறார். அவளுக்குப் பகிடியாகத் தெரியவில்லை. எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"சித்தப்பா, ரெண்டிலை ஒண்டு. அப்பாவைச் சம்மதிக்க வைச்சு என்னட்டை அனுப்புங்கோ. இல்லாட்டி ஒவ்வொரு நாளும் ஆரும் அவரை எட்டிப் பாக்கிறதுக்கு ஒரு வழி செய்துபோட்டு வாங்கோ. இன்னொரு வெயிலை என்னாலை தாங்க ஏலாது."

எனக்குக் கிடைத்தது இருபத்தொரு நாள். 

பார்க்கிங் போகும் ரயிலில் கையில் தண்ணீர்ப் போத்தல் இல்லாதவன் நான் ஒருவன்தான். எல்லோரும் தண்ணீர் வைத்திருக்கும்படி ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது. எதிரே இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். "ஸ்பெயின் மாதிரி இருக்கிறது" என்றாள் ஒருத்தி. "ஸ்பெயினில் ஜன்னலுக்கு வெளியே மரக்கதவு இருக்கும். நம்மிடம் என்ன இருக்கிறது, திரைச்சீலை" என்றாள் மற்றவள். முப்பத்து நான்கு பாகைக்கு ஒரு நகரமே இப்படிப் பதறுவதா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு அன்று மாலை ஏழு மணிக்கு நின்றது.

அண்ணையின் வீடு ஒன்பதாம் மாடியில், மேற்குப் பார்த்தது. நான் நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் படவரைஞனாக இருந்தவன். ஒரு வீட்டுக்குள் போனால் கண் தானாகவே திசையும் நீள அகலமும் பார்க்கும். முன்னறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. ஜன்னல் நான்கு அங்குலத்துக்கு மேல் திறக்காது, பிள்ளைகள் விழாமல் இருக்கவாம். எதிர்ப்பக்கத்தில் ஜன்னலே இல்லை, ஆகவே காற்று ஊடறுக்க வழியில்லை. வெளி நடையில் எல்லா வீட்டுக்கும் போகும் வெந்நீர்க் குழாய் கோடையிலும் ஓடுகிறது. உள்ளே வந்த சூடு வெளியே போய்விடக் கூடாது என்று, குளிரை மட்டும் நினைத்துக் கட்டிய வீடு. ஒரு புகையிரதப் பெட்டியை வெயிலில் நிறுத்திவிட்டு அதற்குள் குடும்பம் நடத்துவது போல.

சுவரில் ஒரு வெப்பமானி தொங்கியது. காலை ஆறு மணிக்கு இருபத்தொன்பது. மத்தியானம் இரண்டுக்கு முப்பத்து மூன்று. மாலை ஏழுக்கு, வெளியே சூடு இறங்கத் தொடங்கிய பிறகு, உள்ளே முப்பத்தாறு. ஊரில் முப்பத்தாறு என்றால் வெளியே போய் இருக்கலாம். இங்கே வெளியே என்றால் ஒரு லிப்டும் ஒரு கார்த் தரிப்பிடமும்.

இரண்டாம் நாள் அண்ணை காலைச் சாப்பாட்டுக்குப் பழஞ்சோறு குழைத்தார். மோரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும், முதல் நாள் மீன் குழம்பில் மிஞ்சியதும். அவர் உருட்டித் தந்த ஐந்து உருண்டையையும் சாப்பிட்டேன். அவர் சாப்பிட்டது இரண்டு. நாள் முழுக்க அவர் குடித்த தண்ணீரையும் எண்ணினேன். மூன்று கிளாஸ்.

"அண்ணை, மூண்டு கிளாஸ் காணாது."

"நீர் போறதுக்குக் குளிசை தாறாங்கள். குடிச்சால் ஓட வேணும். ஓடுற வயசே எனக்கு?"

"டொக்டரைக் கேட்டீங்களோ?"

"உனக்கு எண்ணுறதுக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையே? அந்தா, புறா இருக்கு. எண்ணு."

பதினாறு புறாக்கள் இருந்தன.

மூன்றாம் நாள் வேலையில் இறங்கினேன். வெயிலைக் கண்ணாடிக்கு உள்ளே வந்த பிறகு மறித்துப் பயனில்லை, வெளியிலேயே மறிக்க வேண்டும். அண்ணையின் பழைய வேட்டி இரண்டை நனைத்து, அந்த நான்கு அங்குல இடைவெளியால் வெளியே தள்ளி, மேல் விளிம்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். ஒன்றே முக்கால் மணித்தியாலம் பிடித்தது. அன்று மாலை ஏழு மணிக்கு முப்பத்து மூன்று. மூன்று பாகை இறங்கியது. அண்ணை வெப்பமானியை இரண்டு தரம் போய்ப் பார்த்தார்.

வேட்டியைக் கண்டுதான் ஒரு பெண் வந்தாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டதும் அண்ணை என் கையைப் பிடித்தார். கதவில் பார்வைத் துளை இருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு வந்து காதுக்குள் சொன்னார்.

"அட்டையும் பேனையும் வைச்சிருக்கிறாள். முந்தியும் மூண்டு தரம் வந்தவள். திறவாதை!"

"வேட்டியைப் பற்றிக் கேட்க வந்திருப்பா."

"திறவாதை எண்டுறன்!"

நான் திறந்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணையைக் காணவில்லை. குளியலறைக் கதவு பூட்டும் சத்தம் கேட்டது. எழுபத்தெட்டு வயது மனிதர், ஒரு கடையை இருபது வருடம் நடத்தியவர், போய் ஒளித்துவிட்டார்.

வாசலில் நின்றவள் பெயர் புளோரன்ஸ். கானாவில் பிறந்தவள், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவள், ஆறாம் மாடி. வேட்டியைப் பற்றிக் கோபிக்கவில்லை. "அது வேலை செய்கிறதா? எனக்கும் காட்டித் தருவீர்களா?" என்றாள். பிறகு அட்டையை நிமிர்த்தினாள். வெயில் நாட்களில் ஒருவரை ஒருவர் தட்டிப் பார்க்க ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களாம். பதின்மூன்று மாடி, எழுபத்தெட்டு வீடு. அதில் நாற்பத்தொன்று பட்டியலில் இருக்கிறது. ஒன்பதாம் மாடியில் ஒன்றுமில்லை.

"இந்த வீட்டில் எத்தனை பேர்? பெயர் என்ன?" என்று கேட்டாள். குளியலறைக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் சட்டென்று நின்றது. நான் பிறகு சொல்கிறேன் என்றேன். ஒரு துண்டில் தன் தொலைபேசி எண்ணை எழுதித் தந்துவிட்டுப் போனாள்.

அண்ணை அதை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டார். அவர் தேத்தண்ணீர் வைக்கப் போன நேரம் நான் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"ஏன் அண்ணை, நல்ல காரியம்தானே?"

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். "நீ அப்ப கொழும்பிலை வேலை. உனக்குத் தெரியாது. வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம் எண்டு ஆமிக்காரங்கள் எழுதிக் குடுக்கச் சொன்னாங்கள். எழுதிக் குடுத்தம். பேந்து ஒருநாள் விடியக்காலமை வந்து அதே பேப்பரைப் பாத்துப் பேர் வாசிச்சாங்கள். என்ரை கூட்டாளி ஓம் எண்டு கையைத் தூக்கினவன். கொண்டு போனாங்கள். அவ்வளவுதான். முப்பத்தைஞ்சு வருசமாச்சு, ஆரும் வந்து எத்தினை பேர் எண்டு கேட்டால் எனக்குக் கை குளிர்ந்திடும். இந்த வெயிலிலும் குளிரும்."

இருபத்தொரு நாளில் நான் போய்விடுவேன். பட்டியலில் பெயர் இல்லாத கதவை யார் தட்டுவது?

ஐந்தாம் நாள் ஒரு மேசை விசிறி வாங்குவதற்காக அப்டன் பார்க் போனேன். கிரீன் ஸ்ட்ரீட்டில் எட்டுக் கடை ஏறி இறங்கினேன். மாம்பழம் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. விசிறி ஒன்றும் இல்லை. "முந்தநாளே முடிஞ்சுது ஐயா. இனி மழை பெய்யேக்கை வாங்கோ, நிறையக் கிடைக்கும்" என்றார் ஒரு கடைக்காரர், எங்கள் ஊர் ஆள். தெருவில் உணவு கொண்டு போகும் சைக்கிள்காரர்கள் இருபத்திரண்டு பேரைக் கண்டேன். ஒருவராவது நிழலில் நிற்கவில்லை. குளிரூட்டிய அறைகளில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு இவர்கள் தலையில் வெயிலை வாங்கித்தான் போய்ச் சேருகிறது. ஊரில் மத்தியானத்தில் தார் ஊற்றுகிறவர்களை நினைத்துக்கொண்டேன். இந்த விஷயத்தில் இரண்டு இடமும் ஒன்றுதான்.

திரும்பும்போது ரயில் நின்றது. அப்டன் பார்க்குக்கும் பார்க்கிங்குக்கும் நடுவில் ஒரே ஒரு நிலையம்தான், அதைத் தாண்டிய பிறகு வெட்டவெளியில் நின்றுவிட்டது. சூட்டில் தண்டவாளத்தைச் சோதிக்க வேண்டும், பொறுமையாக இருங்கள் என்றார் ஓட்டுநர். அண்ணைக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்கு தரம் எடுத்தேன். மணி இரண்டே கால். வீட்டுக்குள் இப்போது எத்தனை பாகை என்று எனக்குத் தெரியும்.

பக்கத்தில் இருந்த இளம் பெண் என் முகத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். "ஐயா, என்ன ஆச்சு? பதறாதீங்க." மதுரைக்காரி, ஆஸ்பத்திரி டாக்டர், ஷிப்ட் முடிந்து போகிறாள். நான் அண்ணையின் வயது, மாடி, வெப்பம், குளிசை, குடிக்கும் கிளாஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"பக்கத்துல தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

அப்போதுதான் சட்டைப் பை நினைவுக்கு வந்தது. புளோரன்ஸுக்கு எடுத்தேன். கதவு எண்ணையும் அண்ணையின் பெயரையும் சொன்னேன். படி ஏறும் மூச்சு மட்டும் கேட்டது. லிப்ட் வேலை செய்யவில்லை போலும். பிறகு தட்டும் சத்தம்.

"உள்ளே ஏதோ அசைகிறது, ஆனால் திறக்கிறாரில்லை" என்றாள். "பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இப்போது அந்தச் சத்தமும் நின்றுவிட்டது."

எனக்குப் புரிந்தது. வெளியே நின்று ஒருவர் பெயர் வாசித்தால் அண்ணை மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார், மயங்கி விழும் நிலையில் இருந்தாலும்.

"பெயரைச் சொல்லாதே" என்றேன். "கடிதம் போடும் துவாரத்தால் 'அண்ணை' என்று கூப்பிடு. அப்படித்தான் நான் கூப்பிடுவது. தம்பி அனுப்பினான் என்று சொல்."

"ஆனாய்?"

"அண்ணை."

"அன்னாய்?"

"அண்ணை! அண்ணை!" நான் கத்தினேன். பெட்டியில் இருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர்ப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போதும் ஐயா, அவங்களுக்கு வந்துடுச்சு" என்றாள்.

தொலைபேசியில் கேட்டது. "அன்னாய்! அன்னாய்! தம்பி! தம்பி!" ஒரு நிசப்தம். எண்ணினேன், பதினெட்டு. பிறகு தாழ்ப்பாள் விலகியது.

டாக்டர்ப் பெண் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். அவர் தெளிவாகப் பேசுகிறாரா என்று கேட்கச் சொன்னாள். பேசுகிறார், தலை சுற்றுகிறது என்கிறார் என்று பதில் வந்தது. உட்கார வைத்து, கழுத்திலும் கையிலும் ஈரத்துணி போட்டு, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கச் சொன்னாள். பேச்சுக் குழறினால் உடனே அவசர சேவையைக் கூப்பிட வேண்டும் என்றாள். என்னிடம் திரும்பி, "அந்த மாத்திரை பத்தி இன்னைக்கே அவரோட டாக்டர்கிட்ட பேசுங்க. நீங்களா கூட்டவோ குறைக்கவோ கூடாது" என்றாள். ரயில் நகர்ந்தபோது நாற்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது. அவள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். இதை நினைத்து நினைத்து இப்போதும் என்னை நானே ஏசிக்கொள்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கதவு அகலத் திறந்து கிடந்தது. அண்ணை கதிரையில், கால் இரண்டும் உடுப்புத் தோய்க்கும் வாளிக்குள், தலையில் ஈரத் துவாய். புளோரன்ஸ் பக்கத்தில் நின்று அந்த அட்டையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"உவளுக்கு ஆர் தமிழ் படிப்பிச்சது?" என்றார் அண்ணை.

"நான்தான்."

"உச்சரிப்புத் துப்பரவாச் சரியில்லை."

"அப்ப ஏன் திறந்தீங்கள்?"

துவாயைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார். "பிடிச்சுக்கொண்டு போக வாறவன் அண்ணை எண்டு கூப்பிடமாட்டான்."

அன்று மாலையே அவருடைய டாக்டருடன் தொலைபேசியில் பேசினோம். குளிசையின் அளவை மாற்றினார். எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் தெளிவாகச் சொன்னார். இதை முன்பே கேட்டிருக்கலாம்.

அடுத்த நாள் புளோரன்ஸ் வந்தபோது அண்ணை ஒளிக்கவில்லை. குறுக்கு விசாரணை செய்தார். பட்டியல் எங்கே இருக்கிறது? அவள் சமையலறை லாச்சியில், கரண்டிகளுக்கு அடியில். கவுன்சிலுக்குப் போகுமா? போகாது. எந்த அலுவலகத்துக்கும் போகாது. வெயில் காலம் முடிந்தால்? கிழித்துப் போடுவேன், அடுத்த வருடம் திரும்ப எழுதுவேன். ஏன் இந்த வேலை?

"இரண்டு கோடைக்கு முன்பு என் மாடியிலேயே ஒருத்தி இரண்டு நாள் உள்ளே விழுந்து கிடந்தாள்" என்றாள் புளோரன்ஸ். "லிப்டுக்குக் காத்திருக்கிற நேரம் பேசிப் பழக்கம். அந்த இரண்டு நாளும் அவள் வாசலைத் தாண்டித்தான் நான் கடைக்குப் போனேன்."

அண்ணை கொஞ்சம் அசைந்தார். "எனக்கு ஆரும் வரத் தேவையில்லை. வேணுமெண்டால் நான் போய் ஆரையும் பாக்கிறன்." இதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"தட்டுகிறவரின் கதவையும் ஒருவர் தட்ட வேண்டும். அதுதான் எங்கள் விதி. எனக்கும் ஏழாம் மாடியிலிருந்து ஒருவர் வருகிறார்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஐம்பத்து நான்காம் இலக்கத்தில் ஒரு கிழவர் இருக்கிறார். எண்பத்து மூன்று வயது. அவரும் எனக்குத் திறப்பதில்லை."

அண்ணையின் இலக்கம் ஐம்பத்திரண்டு. பதினொரு வருடமாக அயல். ஆனால் முதல் வருடமே அந்த வெள்ளைக்காரர் மிளகாய் வறுக்கும் மணத்தைப் பற்றி ஒரு துண்டு எழுதிக் கதவுக்குக் கீழால் தள்ளியிருக்கிறார். அதற்குப் பிறகு லிப்டில் சந்தித்தாலும் இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்ப்பார்களாம்.

"இப்போதைக்கு இலக்கத்தை மட்டும் எழுது. பேர் வேண்டாம்" என்றார் அண்ணை. புளோரன்ஸ் ஐம்பத்திரண்டு என்று எழுதினாள்.

மறுநாள் பத்து மணிக்கு அண்ணை சேட்டுப் போட்டு, தலை வாரிப் புறப்பட்டார். நான் பின்னால் போனேன். ஐம்பத்து நான்காம் கதவை ஒரு தரம்தான் தட்டினார். உடனே மூன்று அடி பின்னால் வந்து, துளையால் பார்த்தால் முழு உருவமும் தெரிகிற இடத்தில் நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "நான் ஐம்பத்திரண்டு. கையில் பேப்பர் இல்லை. இன்றைக்கு முப்பத்து மூன்று பாகை, அவ்வளவுதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

"திறக்கேல்லையே அண்ணை."

"இண்டைக்குத் திறக்கமாட்டான். திறக்காதவையின்ரை குணம் எனக்குத் தெரியும். அவளைப் போலை நிண்டு இடிச்சால் நானும்தான் திறக்கமாட்டன்."

இரண்டாம் நாள் உள்ளேயிருந்து ஒரு இருமல். மூன்றாம் நாள் சங்கிலி போட்டபடி கதவு நான்கு விரல் திறந்தது. "மிளகாய் ஆளா?" என்றது உள்ளிருந்த குரல். "ஓம், மிளகாய் ஆள்தான்" என்று அண்ணை தமிழிலேயே சொன்னார்.

அன்று பின்னேரம் அண்ணை என்னை ஆறாம் மாடிக்குக் கூட்டிப் போனார். பட்டியலை வாங்கி, ஐம்பத்திரண்டுக்குப் பக்கத்தில் தகப்பன் பெயரோடு சேர்த்துத் தன் முழுப் பெயரையும் எழுதினார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போயிற்று. புளோரன்ஸ் லாச்சியைத் திறந்து பட்டியலைக் கரண்டிகளுக்கு அடியில் வைத்தாள்.

வாசுகிக்கு எடுத்துச் சொன்னேன், அப்பா டொராண்டோவுக்கு வரமாட்டார் என்று. ஏன் என்றாள். பத்து மணிக்கு அவருக்கு வேலை இருக்கிறது என்றேன். பட்டியலையும் கதவு தட்டும் விதியையும் விவரித்தேன். பிறகு, "அப்பான்ரை கதவை ஆர் சித்தப்பா தட்டுவினம்?" என்று கேட்டாள். எட்டாம் மாடியில் ஒரு தையல்காரி, பெயரும் எண்ணும் அனுப்புகிறேன் என்றேன்.

ஊரில் எங்கள் ஒழுங்கையில் பதினான்கு வீடு. அதில் ஆறில் தனிக் கிழடுகள், பிள்ளைகள் வெளிநாட்டில். பங்குனி, சித்திரை வெயில் முன்னைப் போல இல்லை என்று எல்லோரும் குறைப்படுகிறோம், அத்தோடு சரி. அங்கே போய் அட்டையும் பேனையும் தூக்கினால் ஒருவரும் திறக்கமாட்டார்கள். ஆனால் மூன்று அடி தள்ளி நின்று கையைக் காட்டலாம். போனதும் தொடங்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் திரும்பவும் முப்பத்து நான்கு. பத்து மணிக்குப் போன அண்ணை பத்தரைக்கும் வரவில்லை. பத்து ஐம்பதுக்குப் பொறுக்க முடியாமல் போய்ப் பார்த்தேன். ஐம்பத்து நான்காம் கதவு சங்கிலி இல்லாமல் திறந்து கிடந்தது. நனைத்த படுக்கை விரிப்பு ஒன்று ஜன்னலுக்கு வெளியே கோணலாகத் தொங்கியது. இரண்டு கிழவர்களும் ஆளுக்கொரு வாளியில் காலை விட்டுக்கொண்டு, ஒருவரோடொருவர் பேசாமல், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள்.

அண்ணை என்னைக் கண்டதும் தலையைத் திருப்பினார். "சும்மா நிண்டு எண்ணாமல் போய் ரெண்டு கிளாஸ் மோர் கொண்டு வா. உப்புப் போடாதை, இந்தாளுக்கும் பிரஷர்."